மார்ச்சிலேயே மஞ்சளாக வரும் மாம்பழத்தை வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தமிழ்நாட்டில் மாம்பழம் களைகட்டுவது ஏப்ரல் கடைசியிலிருந்துதான். நீலம் ரக மாம்பழம் ஜூன், ஜூலையில்தான் நிறைய வரும். முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல் வைத்தால் தோல்தான் மஞ்சளாகும், சதை வெளுத்துப் புளிக்கும். அந்தக் கல்லால் பழங்களைப் பழுக்க வைக்க இந்தியாவில் தடை இருக்கிறது.

பருவத்தில் முற்றிய காயாகவே வாங்குங்கள். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் முற்றியது பெரும்பாலும் மூழ்கும், இளங்காய் மிதக்கும். காம்புப் பால் தோலில் பட்டால் கறுத்துவிடும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, வைக்கோலில் ஒரே அடுக்காக வையுங்கள். நான்கைந்து நாளில் காம்படியில் வாசம் வரும். அதுவரை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது; குளிரில் காய் சரியாகப் பழுக்காது, தோலும் கறுக்கும்.