கூச்சம் வரும், போகும்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷமாகச் சேலைப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் எங்களுக்குப் பர்சனாலிட்டி டெஸ்ட், அதாவது குணம் பார்க்கும் டெஸ்ட் வைத்தார்கள். "நீங்க இன்ட்ரோவெர்ட், தனக்குள்ள ஒதுங்கி இருக்கிற ஆளு, சூப்பர்வைசர் வேலைக்குச் சரிப்பட மாட்டீங்க" என்று சொல்லி, எனக்குப் பின்னால் வந்தவருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வாய் திறந்தாலே 'நாம இப்படித்தானோ' என்று தோன்றுகிறது. டெஸ்ட் சொல்வது உண்மையா?
- வாசகி, செல்லூர்

பதில்: சகோதரி, இடமில்லாமல் உங்கள் கடிதத்தில் நாங்கள் வெட்டிய பகுதி ஒன்று உண்டு. தீபாவளிக்கு மறுநாள், சாயம் போன சுங்குடிச் சேலையைக் கவுண்டரில் வீசிக் கத்திய அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, வேறு சேலையோடு அனுப்பியது நீங்கள்தான். டெஸ்டில் இதைப் பற்றி ஒரு கேள்வியாவது இருந்ததா?

இந்த டெஸ்ட் படிவங்களின் பூர்வீகம் ராணுவம். முதல் உலகப்போரில் குண்டுச் சத்தத்துக்கு மனம் கலங்கக்கூடியவர்களை முன்கூட்டியே கழிக்க, உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆம்-இல்லை கேள்விகள் தயாரித்தார். அது தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆள் பிரிக்கும் ஆசை முடியவில்லை.

1948-இல் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு டெஸ்ட் வைத்து, ஆளுக்கொரு 'தனி' முடிவு கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் 5-க்குச் சராசரி 4.26 மார்க் போட்டார்கள். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்தில் எடுத்தது! நம்ம ஊர் கிளி ஜோசியக்காரராவது காசோடு விட்டுவிடுவார், புரமோஷனில் கை வைக்க மாட்டார்.

உளவியலே புரட்டு என்று சொல்ல வரவில்லை. கூட்டத்தில் சிலர் சோர்வார்கள், சிலர் தெம்பாவார்கள், அது நிஜம். ஆனால் கூடக்குறைய இருக்கும் சமாச்சாரம். நாம் 'கூச்சமா வருது' என்போம். வந்தது போகும். 'நான் இன்ட்ரோவெர்ட்' என்றால் பெயர்போல ஒட்டிக்கொள்கிறது. கடைக்கும் அதுவே வசதி. முன்பென்றால் 'உனக்குத் தரமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். இப்போது தாள் சொல்லிவிட்டது, மிச்சத்தை நீங்களே வீட்டில் உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

மானேஜரிடம் கேளுங்கள்: "சூப்பர்வைசர் பார்க்கிற எந்த வேலை எனக்கு வராதுன்னு நினைக்கிறீங்க சார்?" ஸ்டாக் எடுப்பதா, ஷிஃப்ட் போடுவதா? வேலையின் பெயரைச் சொல்லட்டும், குணத்தின் பெயர் வேண்டாம். சொன்னால், ஒரு மாதம் அதைச் செய்து காட்ட வாய்ப்புக் கேளுங்கள். 'ஆளை அதட்டத் தெரியணும்மா' என்பாரானால், அந்தச் சுங்குடிச் சேலை அம்மாவை ஞாபகப்படுத்துங்கள்.