அந்த ஏழு வொய்ஸ் மெசேஜ்

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். நண்பர்கள் சேர்ந்து போனிலேயே 18 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம், மொத்தச் செலவு 40,000 ரூபாய்க்குள். இரண்டு ஆண்களின் காதல்தான் கதை. அதில் ஒருவனுக்குள் இரண்டு ஆள். பகலில் இருப்பவன் பெண் பார்க்கச் சம்மதிக்கிற நல்ல பிள்ளை, இரவில் வருகிறவன்தான் காதலிக்கிறான். கடைசியில் வைத்தியர் குணப்படுத்தியதும் இரவு ஆள் போய்விடுகிறான், காதலும் முடிகிறது. காதலனின் குரலுக்கு யாரும் சரியாக அமையவில்லை. எங்கள் தோட்டத்து நண்பன் ஒருவன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான், அவன் முன்பு எனக்கு அனுப்பிய ஏழு வொய்ஸ் மெசேஜைப் போட்டிருக்கிறேன், நன்றாகப் பொருந்துகிறது. நோயைச் சரியாகக் காட்டியிருக்கிறேனா? படம் வெளியே வந்தால் அம்மா மனம் நோகுமா?
- பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: தம்பி, நோயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத விஷயம் அது இல்லை.

சரியாகக் காட்டவில்லை. 2005இல் வந்த இரண்டு பெரிய தமிழ்ப் படங்களுக்குப் பிறகு நம் ஆட்களுக்கு இந்த நோய் என்றாலே கண்ணை உருட்டுவதும் குரலை மாற்றுவதும்தான். பல ஆளுமைக் கோளாறு என்று முன்பு சொன்னதை, 1994இலிருந்து வைத்தியர்கள் விலகல் அடையாளக் கோளாறு என்கிறார்கள். பெரும்பாலும் சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பட்ட கொடுமையோடு சேர்ந்தே இதைப் பார்க்கிறார்கள், பிஞ்சு மனம் தாங்க முடியாததைத் தனியே ஒதுக்கி வைத்துவிடுகிறது. இதற்கென்று ஒரு மாத்திரை கிடையாது. வருடக்கணக்கில் பேசிப் பேசித்தான் சிகிச்சை, அதிலும் ஒரு ஆளை விரட்டுவது இல்லை, உள்ளே பிரிந்து கிடப்பவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் வேலை. உங்கள் கடைசிக் காட்சியில் வைத்தியர் செய்வது பூசாரி பேயோட்டுகிற வேலை. நோயைக் காட்ட உங்கள் 40,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. காலையில் எழும்பிச் சட்டைப் பையில் கையை விட்டால் நாவலப்பிட்டி பஸ் டிக்கெட் ஒன்று இருக்கிறது, போய் வந்த ஞாபகமே இல்லை, அந்தத் துண்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கையை மட்டும் எடுங்கள், போதும். (உங்கள் குழுவில் யாருக்காவது உண்மையிலேயே இப்படி ஞாபகம் அறுந்து போகிறது என்றால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள்.)

ஆணை ஆண் விரும்புவது நோய் இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. நீங்கள் காதலை நோயின் கணக்கில் எழுதிவிட்டு நல்ல பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

இப்போது அந்த வொய்ஸ் மெசேஜுக்கு வருகிறேன். நன்றாகப் பொருந்துகிறதாம்! பொருந்தாமல் என்ன செய்யும் தம்பி, அவர் நடிக்கவில்லையே. இரவு கடை மூடியதும் எங்கேயோ ஒரு மூலையில் நின்று, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி உங்களை நம்பிப் பேசியது அது. அவரிடம் கேட்டேன் என்று கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை, கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் யார் இருமுகிறது என்று சொல்வார்கள், அங்கே வளர்ந்த பிள்ளையின் குரலை எந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டாலும் யாருடையது என்று தெரியாதா? தீபாவளிக்கு அவர் எந்த முகத்தோடு வந்து பஸ்ஸை விட்டு இறங்குவார்? ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்குகிற 365அ பிரிவு நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. அதை மாற்றக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொல்லியும் பிரிவு அப்படியே கிடக்கிறது.

உங்கள் அம்மா மனம் நோகுமா என்று கேட்டீர்கள். அந்த நண்பருடைய அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பேரும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர்களாகக்கூட இருக்கலாம். குடும்பம்தான் முதல் என்று எழுதுகிறவள் நான், அதற்காக இளம் பிள்ளைகளிடம் நிறையத் திட்டும் வாங்கியிருக்கிறேன், மாற்றிக்கொள்ளவில்லை. கூடை சுமந்து படிக்க வைத்த தாய்க்குப் பிள்ளை கடன்பட்டவன்தான். அதற்காக உங்கள் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொருத்தி பெற்ற பிள்ளையைச் சபையில் நிறுத்துவீர்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த ஏழும் உங்களுக்கு வந்தவை. நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? கடிதத்தில் அது இல்லை. படத்தில் அவற்றைக் கேட்கிறவனோ விடிந்ததும் எல்லாம் மறந்துபோகிறவன். இந்த நோயோடு வாழ்கிறவர்கள் அந்த மறதியால் படுகிற பாடு கொஞ்சமில்லை, உங்கள் கதாநாயகனுக்கு மட்டும் அது தப்பிக்கிற வழியாக இருக்கிறது. நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன், எனக்குச் சொல்லவும் வேண்டாம். ஆனால் அவருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறதென்றால் அதை 18 நிமிடப் படமாகக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கிழமையே, கடை மூடுகிற நேரத்துக்கு அவருக்கு எடுங்கள். மெசேஜ் வேண்டாம், பேசுங்கள். செய்ததை முதலில் சொல்லுங்கள், மன்னிப்பைக் கேளுங்கள், சம்மதம் அப்புறம். அவர் சரி என்றாலும் வார்த்தைகளை மட்டும் எடுத்து வேறு ஒருவரைப் பேச வையுங்கள், அவர் குரல் படத்தில் வேண்டாம். முடியாது என்றால் ஏழையும் அழித்துவிடுங்கள், எடிட் செய்கிற நண்பரின் கணினியிலிருந்தும் சேர்த்து, பக்கத்தில் நின்று பார்த்து.