ஊழியத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறேன், ஆனால் தேவனோடு நெருக்கம் குறைந்துவிட்டது. ஊழியத்தை நிறுத்த வேண்டுமா?

வாரம் முழுவதும் ஏதாவது ஒரு பொறுப்பு இருக்கிறது, ஆனால் தனியாக முழங்காலிட்டால் பேச வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த நிலையில் இருந்தவன், அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

பதினோரு வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தேன், வாலிபர் கூட்டத்தில் செய்தி கொடுத்தேன். ஒருநாள் இரவு கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க உட்கார்ந்தேன். "ஆண்டவரே, நாங்கள் உம்மைத் துதிக்கிறோம், எங்களைத் தாழ்த்துகிறோம்" என்று ஆரம்பித்தேன். அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். யார் அந்த நாங்கள்? கூட்டத்தில் ஜெபித்து ஜெபித்து வாய் பழகிவிட்டது. என் பரம தகப்பனிடம் நான் பேசுகிற பேச்சு எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் ஜெபிக்க முடியவில்லை, அழுகைதான் வந்தது.

அப்புறம்தான் இன்னொன்றையும் கவனித்தேன். வேதத்தைத் திறந்தால் என் கையில் பேனா இருக்கும். ஒரு வசனம் என்னையே குத்தினாலும், 'இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்' என்று குறித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன். கூட்டம் இல்லாத வாரத்தில் எந்த அதிகாரத்தை வாசிப்பது என்றே தெரியாது.

1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை அந்த நாட்களில் வாசித்தபோது தூக்கிவாரிப்போட்டது. முதல் வசனத்தில் சிறுவன் சாமுவேல் கர்த்தருக்குப் பணிவிடை செய்கிறான். ஏழாம் வசனம், அவன் "கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்" என்கிறது. ஆலயத்துக்குள்ளேயே படுத்துத் தூங்குகிற பிள்ளை, கர்த்தர் கூப்பிட்டால் அது ஆசாரியனாகிய ஏலியின் குரல் என்று நினைத்து ஓடுகிறான். சாமுவேல் சின்னப் பையன், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பணிவிடை செய்வதும் கர்த்தரை அறிவதும் ஒன்றல்ல என்று அங்கே அப்பட்டமாக எழுதியிருக்கிறது.

லூக்கா 15-இல் மூத்த மகனைப் பாருங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த அவன் தம்பி, அந்தக் கெட்ட குமாரனைப் பற்றியே பேசிப் பேசி இவனை நாம் விட்டுவிடுகிறோம். தகப்பனிடம் அவன் சொல்வது: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'ஊழியம்' என்ற வார்த்தையே இருக்கிறது. வருடக் கணக்கை வைத்திருக்கிறான், ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கலும் இருக்கிறது. தகப்பன் அவனுடைய வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்கிறார். வயலில் பாடுபட்டவனுக்கு அந்த 'என்னோடு' ஒரு பாக்கியமாகவே தெரியவில்லை. பதினோரு வருடம் என்று நான் மேலே எழுதினேன் அல்லவா, அந்தக் கணக்கை நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

மாற்கு 3:14-இலும் பன்னிரண்டு பேரை இயேசு ஏற்படுத்தியது முதலில் "தம்மோடுகூட இருக்கவும்", அதற்குப் பிறகுதான் பிரசங்கம்பண்ண அனுப்பவும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வளவு வேலை இருந்த மனிதர், தினமும் தன் ஆத்துமா கர்த்தரில் மகிழ்ச்சியாக இருப்பதே தன்னுடைய முதல் வேலை என்று 1841-இல் எழுதி வைத்தார். காலையில் வசனத்தைத் தியானிப்பது பிரசங்கத்துக்காக அல்ல, தன் ஆத்துமாவின் ஆகாரத்துக்காக என்றும் சொன்னார். அதைப் படித்த பிறகுதான் பேனாவைத் தூர வைத்தேன்.

சரி, ஊழியத்தை விட்டுவிட வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரேயடியாக விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். செய்தி கொடுப்பதை மட்டும் மூன்று மாதம் நிறுத்தினேன், ஞாயிறு பள்ளியைத் தொடர்ந்தேன். போதகரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. "ஐயா, உள்ளே வறண்டுபோயிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்த மூன்று மாதத்தில் கூட்டம் நான் இல்லாமலும் நன்றாகவே நடந்தது. அது முதலில் எனக்கு வலித்தது, பிறகு பெரிய விடுதலையாக இருந்தது.

இயேசுவை வீட்டில் உபசரிக்கும்போது, தன் சகோதரி உதவவில்லை என்று அவரிடமே முறையிட்ட மார்த்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று ஆண்டவர் அவளைக் கடிந்துகொண்டார். ஆனால் யோவான் 12-இல் மறுபடியும் அவள்தான் பணிவிடை செய்கிறாள். இந்த முறை அவளிடமிருந்து ஒரு முறையீடும் இல்லை. அதே கைகள், அதே வேலை. இடையில் தன் சகோதரன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில், நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அவரிடம் நேருக்கு நேர் அறிக்கை செய்திருந்தாள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊழியத்துக்குப் பயன்படுத்தப்போவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்து ஒரு சுவிசேஷத்தை மெதுவாக வாசியுங்கள். கிடைப்பதை யாரிடமும் உடனே சொல்லாதீர்கள், கொஞ்சநாள் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கட்டும். ஜெபத்தில் வார்த்தை வராவிட்டால், வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்றைக்கும் தனி ஜெபத்தில் சில சமயம் 'நாங்கள்' என்று வாய் தவறி வந்துவிடும். அப்போது நிறுத்திவிட்டு, "அப்பா, நான்தான் வந்திருக்கிறேன்" என்று திரும்ப ஆரம்பிக்கிறேன்.