ஒரே வாசலில் நான்கு பேர்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சியில் நானும் நண்பர்கள் நான்கு பேரும் ஆறு வருடமாக மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். அறக்கட்டளையாகப் பதிவு செய்திருக்கிறோம். போன வருடம் பத்தாம் வகுப்பு முடித்த மூன்று பிள்ளைகள் மேலே படிக்காமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் கேட்டால், "குழு லோன் டியூ கட்ட முடியலை தம்பி" என்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னொரு அமைப்பு பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறது. ஒன்று மருத்துவ முகாம் போடுகிறது. ஒன்று முதியவர்களுக்கு அரிசி கொடுக்கிறது. எல்லோரும் அதே வீடுகளுக்குத்தான் போகிறோம். ஆனால் ஒரு குடும்பமாவது கடனிலிருந்து தலைதூக்கியதாகத் தெரியவில்லை. நாங்கள் சேர்ந்து வேலை செய்தால் ஏதாவது மாறுமா? எங்கே தொடங்குவது? கூட்டமைப்பு என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்:

தம்பி, "எல்லோரும் அதே வீடுகளுக்குத்தான் போகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். பல வருடங்களுக்கு முன்னால் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. நான் அப்போது இருந்த அமைப்பு, கணவர் நோயில் படுத்துவிட்ட ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தது. மூன்றாவது மாதம் போய்ப் பார்த்தால் மெஷின் இல்லை, அடகுக்குப் போயிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. "புதன்கிழமை ஒரு டியூ, வெள்ளிக்கிழமை ஒரு டியூக்கா. நான் கட்டலைன்னா கூட இருக்கறவங்க கட்டணும். அவங்க முகத்தில எப்படி முழிக்கறது?" என்று மட்டும் கேட்டாள். கணவரின் நோய் மருத்துவ முகாம் நடத்தியவர்களுக்குத் தெரியும். பிள்ளை பசியோடு வருவது பள்ளி ஆசிரியருக்குத் தெரியும். எங்களுக்குத் தையல் மட்டும்தான் தெரிந்திருந்தது. டியூ எந்தக் கிழமை என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், மாறும் என்பதுதான். ஆனால் நான்கு அமைப்புகளும் மேடை போட்டு ஒன்றாக உட்காருவதால் மட்டும் எதுவும் மாறாது. ஒரு குடும்பத்தின் ஒரு வருட வரவு செலவை நான்கு பேரும் ஒரே தாளில் பார்க்க வேண்டும். தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அந்தத் தாளை எப்படிப் போடுவது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஆங்கில மாதம் போட்டு எழுதாதீர்கள். சித்திரை, வைகாசி என்று எழுதுங்கள். நம் பக்கத்தில் கூலிக் குடும்பத்தின் வருமானம் தண்ணீரைப் பார்த்துத்தான் வருகிறது. இருப்பு இருந்தால் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிறது. தலைமடைக்கு வருகிற தண்ணீர் உங்களைப் போன்ற கடைமடைக்கு வந்து சேரப் பல நாளாகும். உங்கள் பக்கம் சம்பாவை நேரடியாக விதைத்துவிடுகிறவர்கள் அதிகம். அங்கே நடவுக்கூலி என்பதே பாதி போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, வேலை கிடைக்காது. தை, மாசியில் அறுவடை. அதையும் பெரும்பாலும் மெஷின் செய்துவிடுகிறது. பங்குனியில் உளுந்து, பயறு எடுக்கக் கொஞ்சம் வேலை. சித்திரை, வைகாசி வயல் காய்ந்து கிடக்கும். சரியாக அந்த வைகாசி முடிகிற நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, சீருடை, ஃபீஸ் என்று செலவு நிற்கும். உங்கள் மூன்று பிள்ளைகளும் எந்த மாதம் திருப்பூர் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக வைகாசியாக இருக்கும்.

வரவு இப்படி வருடத்தில் மூன்று நான்கு மொத்தமாக வருகிறது. டியூ மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. ஒரு லோனின் தவணையைக் கட்ட இன்னொரு லோன் வாங்குவது இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குடும்பம் ஊதாரி என்று யாராவது உங்கள் கூட்டத்தில் சொன்னால், இந்தத் தாளை அவர்கள் முன் வையுங்கள்.

அடுத்து கடனை எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, எந்தக் கிழமை, இன்னும் எத்தனை தவணை. எல்லாம் நினைவிலிருந்து வராது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் (மக்கள் வாயில் எல்லாமே 'சிபில்'தான்) வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் நண்பர்களில் கணினி தெரிந்த ஒருவர் அந்த வீட்டு அம்மாவின் போனை வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே எடுத்துக் கொடுக்கலாம். மறந்துபோன கடன், முடிந்தும் முடியாததாகக் காட்டுகிற கடன், இரண்டும் அதில் தெரியவரும்.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய நுண்கடன் விதிகளையும் நீங்கள் நான்கு அமைப்பினரும் படித்து வைத்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் எல்லாமே அதில் வரும். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகிற மாதிரி புதுக் கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. தாமதமானால் அபராதம் தவணை தவறிய தொகைக்கு மட்டும்தான், மொத்தக் கடனுக்கு இல்லை. வசூலுக்குப் பேசி வைத்த பொது இடத்தில்தான் வர வேண்டும். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராமல் போனால்தான் வசூலிப்பவர் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் தொந்தரவு செய்யக் கூடாது. வார்த்தை தடித்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான இலவச எண் 14448. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கந்துவட்டிக்காரர் என்றால் 2003ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டமே இருக்கிறது, காவல் நிலையம் போகலாம். தனியாக அந்தப் பெண்ணை அனுப்பாதீர்கள், உங்களில் ஒருவர் கூடப் போங்கள்.

அப்புறம், வட்டியைக் குறைக்கிற வழி. அந்த வீட்டுப் பெண் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறாரா? 'குழு' என்று சொல்வதிலேயே குழப்பம் இருக்கிறது தம்பி. தனியார் நிதி நிறுவனம் ஆள் சேர்த்து உண்டாக்கும் குழு வேறு, சேமிப்பில் தொடங்கி ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சேரும் சுய உதவிக் குழு வேறு. முதலாவதில் வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். இரண்டாவதில் வங்கி இணைப்புக் கடன் 3 லட்சம் வரை 7 சதவீதம். கணக்கு நோட்டுகள் ஒழுங்காக இல்லாததால் பல குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பதில்லை. அந்த நோட்டை எழுதிச் சீர்செய்து கொடுக்க மாலை வகுப்பு நடத்தும் உங்களால் முடியும். தையல் அமைப்பால் செய்ய முடியாத உதவி இது.

வேலைப் பங்கீடு இப்படித்தான் தானாக உருவாகும். நீங்கள் மனுவும் நோட்டும் எழுதுங்கள். மருத்துவ முகாம் நடத்துகிறவர்கள் அந்த வீட்டில் முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். டெல்டாவில் குடும்பங்கள் கடனில் விழுந்த கதையைக் கேட்டால் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்கும். இது நான் கேட்ட கதைகளின் கணக்கு. அரிசி கொடுக்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். மாதாமாதம் கொஞ்சமாகத் தருவதை ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை, வைகாசியிலும் கூட்டிக் கொடுக்க முடியுமா? அந்த நாலு மாதம் அடுப்பு எரிந்தால் புதுக் கடன் ஒன்று குறையும். தையல் சொல்லித் தருகிறவர்கள் மெஷின் கொடுப்பதைத் தவணை நெருக்கடி தணிந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும். பள்ளிச் சீருடை ஆர்டரை வைகாசிக்குள் பிடித்துக் கொடுத்தால் அதைவிட நல்லது.

சின்னதாக ஒரு விஷயம், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் எடுக்கும் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் எடுக்கும் ஆயுள் காப்பீடும் தலா 2 லட்சம் தருபவை. இரண்டுக்கும் பணம் பிடிப்பது மே மாதக் கடைசியில். நம் தாளில் அது எந்த மாதம் என்று பாருங்கள், வெறும் கையோடு நிற்கிற வைகாசி. கணக்கில் 456 ரூபாய் இல்லாமல் காப்பீடு அறுந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மாசியிலேயே அந்தத் தொகையைக் கணக்கில் போட வைப்பது உங்கள் நால்வரில் ஒருவர் வேலையாக இருக்கட்டும். உழவர் பாதுகாப்பு அட்டை இருந்தால் நிலமில்லாத விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்தாலும் கிடைக்கும். திருப்பூர் போன மூன்று பேருக்கும் இது சொல்லப்பட்டதா? இப்போதும் காலம் போய்விடவில்லை, போய்ப் பேசுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு ஆள் இருக்க வேண்டும். நான்கு அமைப்பும் நான்கு முறை ஆதார் நகலும் ரேஷன் கார்டு நகலும் கேட்டு, நான்கு முறை அதே துயரத்தைச் சொல்ல வைக்கக் கூடாது. அந்த வீடு யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறதோ, அவர் எந்த அமைப்பாக இருந்தாலும் சரி, அவரே அந்த வீட்டின் ஆள். மற்றவர்கள் அவர் மூலம்தான் போக வேண்டும். தாளை யார் யார் பார்க்கலாம் என்று அந்த அம்மாவிடம் முதலிலேயே கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். கடன் விவரம் ஊர் வாயில் விழுந்தால் அந்தக் குடும்பம் உங்களை மறுபடி உள்ளே விடாது. போட்டோவும் வேண்டாம்.

சேர்ந்து வேலை செய்வதில் நம் மண்ணுக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில நாளில் எங்கெங்கிருந்தோ தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தன. மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் நாகையின் ஸ்நேகா தொண்டு நிறுவனமும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எங்கே என்ன குறைகிறது என்ற விவரம் ஒரே இடத்தில் திரண்டது. அது பெரிய காரியம். அப்படியிருந்தும் சில ஊர்களில் சுனாமிக்கு முன்பிருந்ததைவிட அதிகமாக ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. மீன் விற்கும் பெண்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் உதவி பின்னால்தான் வந்தது. படகு கொடுத்தால் அதன்மேல் பெயர் எழுதலாம். கூடை தூக்கும் பெண்ணின் கடனை அடைத்தால் பெயர் எழுத இடமில்லை. உங்கள் நான்கு அமைப்புக்குள்ளும் இந்தப் பெயர்ப் பிரச்சினை வரும். முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: அவரவர் செய்ததை அவரவர் ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளலாம், அந்த வீட்டு வாசலில் எந்தப் பலகையும் வேண்டாம்.

பணத்தை ஒன்றாகப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். நால்வரில் ஒருவர் வெளிநாட்டு நன்கொடை பெறுகிறவர் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. திட்டம் பொதுவாக இருக்கட்டும், செலவு தனித்தனியாக அவரவர் கணக்கிலேயே போகட்டும்.

கூட்டமைப்பாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. பதிவு என்றால் தலைவர், செயலாளர் என்று வரும். அந்தப் பேச்சிலேயே ஒரு சம்பா முடிந்துவிடும். பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து பார்த்திருப்பீர்கள். எந்தப் பத்திரமும் இல்லாமல், யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்று ஒரு நோட்டை வைத்துக்கொண்டே அத்தனை பணம் கைமாறுகிறது. உங்களுக்கும் அப்படி ஒரு நோட்டு போதும். ஐந்து குடும்பம், வீட்டுக்கு ஒரு தாள், மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நான்கு பேரும் உட்கார்ந்து, சொன்னதைச் செய்தோமா என்று எழுதிக்கொள்வது. முதல் தாளை அந்தத் திருப்பூர்ப் பிள்ளைகளின் வீடுகளில் போடுங்கள். தீபாவளிக்கு அவர்கள் ஊருக்கு வருவார்கள் இல்லையா, அதற்குள் மூன்று தாளும் நிரம்பியிருக்கட்டும்.