கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம், அம்மா

வணக்கம் அம்மா. சனிக்கிழமை நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வெளியே இன்னும் இரண்டு குடும்பம் காத்திருந்தது. இப்போது நிதானமாக எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும். உங்கள் மகன்தானே இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதுகிறான், நம் மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வு.

"எதற்கெடுத்தாலும் சாட்ஜிபிடியைத்தான் கேட்கிறான் சார். எஸ்.பி.எம். வருடம் வேறு. போனைப் பிடுங்கி வைத்துவிடவா?" என்றீர்கள். அவன் அப்பாவோ, மாதக் கட்டணம் கட்டி இன்னும் நல்லதாக வாங்கிக் கொடுத்தால் மதிப்பெண் கூடுமா என்றார். இரண்டும் வேண்டாம்.

அன்றைக்கு அவனுடைய தமிழ்க் கட்டுரை நோட்டைப் புரட்டினேன் அல்லவா? வட்டாரத் திடலில் உடற்பயிற்சிச் சாதனங்கள் அமைத்துத் தரக் கோரும் அதிகாரப்பூர்வக் கடிதம். நடை சரளம், ஒரு சந்திப்பிழைகூட இல்லை. ஆனால் பெறுநர் இடத்தில் 'உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்' என்று இருந்தது! ஜெலுத்தோங்கில் இருக்கிற பையன் பினாங்கு மாநகர் கழகத்துக்கு எழுத வேண்டியதை, நம் நாட்டில் இல்லாத கலெக்டருக்கு எழுதியிருக்கிறான். கீழே ஊராட்சி மன்றத் தலைவருக்கு ஒரு நகல் வேறு. "யார் தம்பி இந்த ஆட்சியர்?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். படித்துப் பார்க்காமலே பார்த்து எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) கருவிகள் மலையளவு எழுத்தைப் படித்துவிட்டு, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகின்றன. அவை படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். அதனால் நம் திடலும் அங்கே போய்விடுகிறது. மலாய் மொழியிலும் இதே கதைதான். இந்தோனேசியச் சொல் சந்தடியில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏனென்றால் என்பதற்குக் 'கெரானா' வர வேண்டிய இடத்தில் 'காரெனா' வரும், அலுவலகத்துக்குப் 'பெஜாபாட்' இருக்க வேண்டிய இடத்தில் 'கந்தோர்' இருக்கும். முடியும் என்பதற்கு இந்தோனேசியர் சொல்லும் 'பிசா' நம் ஊர் மலாயில் பாம்பின் விஷம்! வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று கண்ணில் படாது. எஸ்.பி.எம்.மில் மலாய் தவறினால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதி. தேர்வு மண்டபத்தில் தம்பியிடம் பேனா மட்டும்தான் இருக்கும்.

நான் மாற்றச் சொல்வது வரிசையை. இப்போது அவன் முதலில் கேட்கிறான், பிறகு பார்த்து எழுதுகிறான், அப்புறம் தூங்கப் போகிறான். இனி முதலில் அவன் எழுதட்டும். வரலாற்றில் 1946-இன் மலாயன் யூனியன் பாடம் என்றால், பாடநூலைப் படித்து மூடிவிட்டு, நினைவில் நின்றதை ஒரு தாளில் கிறுக்கட்டும். கால் பக்கம் வந்தாலும் போதும். பிறகு கைப்பேசியை எடுத்து, பாடப் பக்கத்தைக் கொடுத்து இப்படிக் கேட்கட்டும்: "இதிலிருந்து என்னை ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் பதில் சொல்லும்வரை விடையைச் சொல்லாதே." கட்டுரைக்கு: "எந்த வரியில் தவறு என்று மட்டும் காட்டு, திருத்தித் தராதே." கணக்கில், தான் போட்ட வழியைக் கொடுத்து எந்தப் படியில் சறுக்கினான் என்று கேட்கலாம். கருவி சொல்வதும் பாடநூல் சொல்வதும் முரண்பட்டால் பாடநூல் பக்கமே நிற்கட்டும். இப்படிச் செய்தால் ராத்திரி பதினொரு மணிக்கும் சலிக்காமல் கேள்வி கேட்கிற டியூஷன் ஆசிரியர் கிடைத்த மாதிரி. அதற்கு இலவசக் கணக்கே போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். அவளுக்கு வேறு வகை ஆபத்து. மேற்கோள் நூல் கேட்டால், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு, உலகத்திலேயே இல்லாத நூலைக்கூட இந்தக் கருவி தந்துவிடும். நியூயார்க்கில் 2023-ஆம் ஆண்டு இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி, 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். நூலகப் பட்டியலில் தேடிப் பார்த்து, கையில் எடுத்துப் புரட்டிய நூலை மட்டும் இடுபணியில் (அசைன்மென்ட்) சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நேர்மையாக எழுதியவர்களும் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எது இயந்திரம் எழுதியது என்று கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு கருவி விட்டது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் மகள் முதல் வரைவு, கைக்குறிப்பு எதையும் தூக்கிப் போட வேண்டாம். கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நாள் எந்தப் பத்தி வந்தது என்ற வரலாறு தானாகவே பதிவாகும். விரிவுரையாளர் கேட்டால் அதைத் திறந்து காட்டலாம். எந்த அளவுக்கு ஏ.ஐ. அனுமதி என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். இடுபணி கொடுக்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது.

உபகாரச் சம்பள (ஸ்காலர்ஷிப்) விண்ணப்பத்துக்குத் தம்பி கடிதம் எழுதும் நாள் வரும். என் மேசைக்கு ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளின் கடிதம் வந்தது. மூன்றும் 'சிறு வயதிலிருந்தே எனக்குத் தொழில்நுட்பத்தின் மீது ஆழ்ந்த ஆர்வம்' என்றே தொடங்கின. தம்பியின் அப்பா பிறை நகரில் போர்க்லிப்ட் (சரக்கு தூக்கும் வண்டி) ஓட்டுகிறார், பள்ளி விடுமுறையில் இவன் கூடப்போய் அதன் பேட்டரி மாற்றுவதைப் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரிந்து வேறு எவரிடமும் இல்லாத வரி அது. அதை எழுதட்டும். அப்படியே, அடையாள அட்டைப் படம், அப்பாவின் சம்பளச் சீட்டு எதையும் அந்தக் கருவிக்குள் ஏற்ற வேண்டாம்.

கணினித் துறைக்குப் போனால் வேலை இருக்குமா என்றும் கேட்டீர்கள். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. என் அத்தை எழுபதுகளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டியவர். பிறகு அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்ததால், அத்தையை இயந்திரத்தின் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். கையால் ஒட்டிப் பழகாமல் அந்தக் கண் அவருக்கு வந்திருக்காது.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்குத் தம்பியை மட்டும் அனுப்புங்கள். அதே கடிதத்தை மாநகர் கழகத்துக்குக் கையால் எழுதி எடுத்துவரட்டும். சாயங்காலம் அந்தத் திடலில் பந்து விளையாடுகிறவன் அவன். காலையில் எத்தனை பாட்டிமார் அங்கே நடக்கிறார்கள், எந்த மூலையில் நிழல் விழும், சாதனத்தை எங்கே வைத்தால் பந்து போய்ப் படாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்.