வாசகர் கேள்வி–பதில்: அதிகம் இழுத்துவிட்டாலும் ஊசலின் நேரம் ஏன் மாறுவதில்லை?

கேள்வி: தனி ஊசலை (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டை) சிறிதளவு இழுத்துவிட்டாலும், சற்று அதிகமாக இழுத்துவிட்டாலும் அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஒன்றே என்று பாடநூல் கூறுகிறது. கூடுதல் தொலைவைக் கடக்கக் கூடுதல் நேரம் ஆக வேண்டாமா?

பதில்: இரண்டு முறையும் குண்டு ஒரே வேகத்தில் செல்வதாக எண்ணுவதால்தான் இந்த ஐயம் எழுகிறது. நடுநிலையிலிருந்து குண்டு எவ்வளவு விலகுகிறதோ, அதே விகிதத்தில் அதைத் திரும்ப இழுக்கும் மீள்விசையும் கூடுகிறது. இரு மடங்கு விலக்கினால் விசையும் முடுக்கமும் இரு மடங்காகி, பாதையின் ஒத்த இடங்களில் வேகமும் இரு மடங்காகிவிடுவதால், கூடிய தொலைவைக் கூடிய வேகம் ஈடுகட்டிவிடுகிறது. மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் அமையும் இவ்வகை அலைவே தனிச்சீரிசை இயக்கம் எனப்படுகிறது.

ஆனால், ஊசலைப் பொறுத்தவரை இது தோராயமான உண்மையே. இதைப் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம். ஊசலின் மீள்விசை கோணத்தை அல்ல, கோணத்தின் சைன் மதிப்பைச் சார்ந்தது. ரேடியனில் அளந்த கோணமும் அதன் சைன் மதிப்பும் சிறு கோணங்களில் மட்டுமே ஏறத்தாழச் சமமாக இருக்கும். வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து குண்டு விலகும் பெரும அளவு, 10 பாகையாக இருக்கும்போது அலைவு நேரம் 0.2 விழுக்காடுகூட நீளுவதில்லை. 30 பாகையில் சுமார் 1.7 விழுக்காடும், 60 பாகையில் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் நீளுகிறது. அதாவது, 1 மீட்டர் நீளமுள்ள ஊசல் சிறு வீச்சில் 20 அலைவுகளை ஏறத்தாழ 40 வினாடியில் முடிக்கும். 60 பாகை வீச்சு குறையாமல் நீடிக்குமானால் அதற்கு 43 வினாடி ஆகும். எந்த வீச்சிலும் நேரம் மாறாது என்றே கலிலியோ கருதினார். 1656 இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், 1673 இல் வெளியிட்ட நூலில், குண்டு வட்டவில்லில் செல்லாமல் சைக்ளாய்டு (உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் கோடு) என்னும் வளைவில் சென்றால் வீச்சு எதுவாயினும் நேரம் சமமாகவே இருக்கும் என்று நிறுவினார்.

கேள்வி: குண்டின் நிறையை மாற்றினால் ஊசலின் நேரம் மாறுவதில்லை, சுருள்வில்லில் தொங்கும் நிறையை மாற்றினால் மட்டும் ஏன் மாறுகிறது?

பதில்: ஊசலை இழுப்பது புவியீர்ப்பு விசை, நிறை கூடும்போது அவ்விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுவதால் முடுக்கம் மாறுவதில்லை. சுருள்வில்லின் விசையோ அதன் நீட்சியை மட்டுமே பொறுத்தது என்பதால், நிறையை 4 மடங்காக்கினால் அலைவு நேரம் 2 மடங்காகும். இரண்டையும் நிலவுக்குக் கொண்டுசென்றால், ஊசலின் நேரம் ஏறத்தாழ இரண்டரை மடங்காக நீளும்; சுருள்வில்லின் நேரம் மாறாது.