மைனஸ் 40 என்று பெட்டியில் போட்டிருக்கிறது, கால் ஏன் விறைக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: குளிர்காலச் சப்பாத்து

மைனஸ் 40 வரை தாங்கும் என்று அச்சடித்த பூட்ஸை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். மைனஸ் 12இல் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நின்றாலே விரல்கள் விறைக்கின்றன. ஏமாற்றிவிட்டார்களா?
– ஸ்காபுறோ வாசகர்

ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அந்த எண்ணைக் கணிக்க எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான ஒரு முறை இல்லை. அதுவும் ஆள் நடந்துகொண்டிருப்பார் என்று வைத்துத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். நீங்களோ தரிப்பிடத்தில் அசையாமல் நிற்கிறீர்கள். ஒரே கம்பனியின் இரண்டு மாதிரிகளில் எது கூடச் சூடு என்று பார்ப்பதற்கு மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இறுக்கத்தைப் பாருங்கள். பஞ்சுக்குள் சிக்கி நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இரண்டு சோடி சொக்ஸ் போட்டுத் திணித்தால் அந்தக் காற்றும் போய்விடும், விரல்களுக்கு இரத்தம் ஓடுவதும் குறையும். தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி போதும். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும்.

அளவு சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பூட்ஸின் உள் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, குளிரில் போடும் அதே சொக்ஸுடன் அதன்மேல் ஏறி நில்லுங்கள். குதி பின் ஓரத்தோடு பொருந்தி இருக்க, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம், அதாவது ஒன்று முதல் ஒன்றரை சென்ரிமீற்றர், மிஞ்ச வேண்டும். பக்கத்தில் சதை பிதுங்கி அட்டைக்கு வெளியே வந்தால் அகலம் போதாது. புதிதாக வாங்குவதென்றால் பின்னேரத்தில் கடைக்குப் போங்கள், அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். கம்பளி உறை உள்ள பூட்ஸ்கள் பல அரை அளவில் வருவதில்லை. ஒன்பதரை போடுபவர் பத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது அடிப்பக்கம். கொங்கிறீற்றின் குளிர் கீழிருந்துதான் ஏறும், மேலே எவ்வளவு பஞ்சு இருந்தாலும் மெல்லிய அடி அதைத் தடுக்காது. உள்ளே இடமிருந்தால் ஒரு கம்பளி அட்டை போட்டுப் பாருங்கள். இடமில்லையென்றால் போடாதீர்கள், திரும்பவும் இறுக்கத்தில் போய் முடியும்.

பஞ்சுக்கு 200, 400, 600 கிராம் என்று போட்டிருப்பார்கள். சப்பாத்தின் எடை என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஒரு சதுர மீற்றர் பஞ்சின் எடை. நடப்பவருக்கு 200 போதும், நிற்பவருக்கு 400க்குக் குறையாமல் வேண்டும்.

றப்பர் அடிப்பாகம் வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே இருக்கும் வியர்வையையும் வெளியே விடாது. உள் உறையை ஒவ்வொரு இரவும் கழற்றிக் காய விடுங்கள். நேற்றைய ஈரத்தோடு காலையில் போட்டால் எந்தப் பூட்ஸும் குளிரும்.

அடியில் ஆழமான வெட்டுகள் உள்ள பூட்ஸ்தான். ஆனாலும் நடைபாதையில் வழுக்குகிறது.
– பிறம்ரன் வாசகி

ஆழமான வெட்டு ஸ்நோவுக்கு நல்லது. தண்ணீர் படிந்த ஐஸில் அதற்கு அதிகம் வேலை இல்லை, அங்கே றப்பரின் மென்மைதான் பிடிக்கும். மலிவான பூட்ஸின் பிளாஸ்திக் கலந்த அடி குளிரில் கல்லாகிவிடும். கடையில் நகத்தால் அடியை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமிழ்ந்து மீண்டால் நல்லது, சட்டியைத் தட்டுவதுபோல நகம் வழுகினால் வைத்துவிட்டு வாருங்கள். மென்றப்பர் கெதியாகத் தேயும் என்பது உண்மைதான், ஆனால் இடுப்பு உடைவதைவிட அடி தேய்வது மேல்.

ரொறன்ரோ புனர்வாழ்வு நிறுவனத்தில் ஐஸ் தரையைச் சரித்து, அதில் ஆட்களை நடக்கவிட்டுப் பூட்ஸைச் சோதிக்கிறார்கள். தரத்தைப் பனிச்செதில் படங்களால் காட்டுகிறார்கள்: 7 பாகைச் சரிவில் வழுக்காவிட்டால் ஒரு பனிச்செதில், 11 பாகைக்கு இரண்டு, 15க்கு மூன்று. 2016இல் 98 வகைகளின் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்றுகூட முதல் செதிலை எட்டவில்லை. ‘றேற் மை ற்றெட்ஸ்’ என்ற அவர்களின் இணையத்தளத்தில் மாதிரிப் பெயரோடு தேடலாம். றப்பரோடு கண்ணாடி இழையோ சொரசொரப்பான கடினத் துகளோ கலந்த அடிகள்தான் அங்கே நன்றாகத் தேறியவை.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், வயது 74. தினமும் நடக்கப் போவார். என்ன வாங்கலாம்?
– மார்க்கம் வாசகர்

சீனி வருத்தத்தில் காலின் உணர்ச்சி குறைந்திருந்தால் குளிரும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஆகவே “அப்பா, இறுக்குதா?” என்று கேட்டு அளவு பார்க்காதீர்கள். மேலே சொன்னபடி அட்டையில் ஏற்றிப் பாருங்கள். விரல்ப் பக்கம் அகலமாக, உள்ளே தையல் முடிச்சு இல்லாமல், கால் நுழையும் வாய் நன்றாக விரிவதாக எடுங்கள். குனியச் சிரமப்படுபவருக்குக் கயிற்றைவிட சிப் நல்லது. போடுமுன் ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், ஒரு சிறு உப்புக்கல்லே புண்ணாக்கிவிடும். வந்தபின் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு வரை பாருங்கள். விரலைச் சூடாக்கும் பைகள் வேண்டவே வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

பூட்ஸுக்கு மேலே மாட்டும் ஆணிப்பட்டி நல்ல துணைதான். ஆனால் பிளாசாவுக்குள் நுழையுமுன் கழற்ற வேண்டும், ரைல்ஸ் தரையில் அந்த ஆணியே விழுத்திவிடும். கழற்றிப் போட உட்கார இடம் வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

தோல் பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. துடைத்தாலும் திரும்ப வருகிறது.
– மிசிசாகா வாசகி

வீதி உப்புத்தான். தண்ணீரோடு தோலுக்குள் இறங்கி, காயும்போது மேலே வந்து, கடற்கரை வீட்டுச் சுவரில் போல உப்புப் பூக்கிறது. வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து அன்றன்று துடையுங்கள். பிறகு வெறும் ஈரத்துணியால் ஒரு தடவை. உள்ளே கடதாசி திணித்து, நனைந்ததை மாற்றி மாற்றி, அறைச் சூட்டில் காயவிடுங்கள். ஹீற்றர் துவாரத்தின் மேல் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும், அடி ஒட்டிய பசையும் இளகும். முழுக்கக் காய்ந்த பிறகே மெழுகு பூச வேண்டும்.

வெயர்ஹவுஸில் லோடிங் பக்கம் வேலை. இரும்பு விரல்மூடி குளிரை இழுக்கிறது.
– பிறம்ரன் வாசகர்

இரும்பு சூட்டைக் கடத்தும். கொம்பொசிற், அதாவது உலோகம் இல்லாத கலப்புப் பொருளால் செய்த விரல்மூடி உள்ளதை எடுங்கள், ஆணி ஏறாத தகடும் துணி வகையாக இருந்தால் இன்னும் நல்லது. வேலைத்தலம் கேட்பது பெரும்பாலும் கனடாவின் தரநிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ.யின் பச்சை முக்கோணம். முதல் தர விரல்மூடியும் ஆணி ஏறாத அடியும் இருக்கிறது என்பதன் அடையாளம் அது. விரல்மூடி போகப்போக நெகிழாது. கடையிலேயே தடித்த சொக்ஸுடன் முழங்காலை மடித்துக் குந்திப் பாருங்கள், மூடியின் பின் விளிம்பு விரலில் வெட்டினால் அடுத்த அளவு.

ஊருக்குப் போனதால் ஆறு வருடம் பெட்டியில் இருந்த பூட்ஸ். போட்டு நடந்த முதல் நாளே அடி துண்டுதுண்டாக உதிர்ந்துவிட்டது!
– ஒட்டாவா வாசகர்

நடு அடியில் இருந்தது பொலியூரதேன் நுரை. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், போடாமல் வைப்பதால் தப்பாது. அடியை மேலோடு தைத்துக் கட்டிய பூட்ஸ் என்றால் சப்பாத்துத் தைப்பவர் புது அடி போட்டுத் தருவார். ஒட்டியதென்றால் பெரும்பாலும் குப்பைதான். மார்ச் மாத மலிவு விற்பனையில் பழைய சரக்கு வாங்குபவர்கள் பூட்ஸை விரல் மடியும் இடத்தில் வளைத்து, அடியும் மேலும் சேரும் கோட்டைப் பாருங்கள். வாய் பிளந்தால் வேண்டாம். நாக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு உயரம் வரை தைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள், அந்த உயரத்துக்கு மேல் ஸ்நோ ஏறினால் தண்ணீர் உள்ளே வரும்.

தம்பி ஜனவரியில் சென்னையிலிருந்து படிக்க வருகிறான். அங்கேயே வாங்கிக்கொண்டு வரச் சொல்லட்டா?
– வோட்டர்லூ வாசகி

வேண்டாம். விமான நிலையத்திலிருந்து கார் வரை ஓட்டச் சப்பாத்தும் கம்பளிச் சொக்ஸும் போதும். மறுநாள் இங்கே கடையில் காலை அளந்து வாங்கலாம்.